கோமதியின் ஒன்பதாவது கேள்வி

வாசல் கேட்டில் ‘வீடு வாடகைக்கு’ அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் கோமதி போய்விட்ட செய்தி வந்தது. பழைய அட்டை மழையில் நைந்துபோனதால் புதிதாக எழுதியிருந்தேன். அவளுடன் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த பெண் போனில் அழுதாள். காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறியவள், ஒரகடம் வருவதற்குள் ஜன்னலில் சாய்ந்துவிட்டாளாம். தூங்குகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். கோமதியாவது, பஸ்ஸில் தூங்குவதாவது! அவளைத் தெரிந்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அந்த நொடியே பதறியிருப்பார்கள். மாரடைப்பு என்றார்கள். வயது நாற்பத்து மூன்று.

நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் துறையில் கேட்டு மூன்று வாரமாகிறது. உட்கார்கிறேன், எழுந்துவிடுகிறேன். ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரைப் பற்றியோ எழுதுவதுபோல் இருந்தது. ‘அவள்’ என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்காவையும் அங்கிருந்து உலகமெங்கும் சிதறிய மக்களையும் பற்றிய ஆய்வுக்காக நாங்கள் இருவரும் ஒரே ஆண்டு சென்னையில் நம் துறையில் பகுதிநேர மாணவர்களாகச் சேர்ந்தோம். சனிக்கிழமைதோறும் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயில் ஏறுவோம். இருக்கை காலியாக இருந்தாலும் அவள் கதவருகே நின்றபடிதான் வருவாள். நான் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக அடிமை வணிக வரலாறு நடத்துகிறவள். பதவி உயர்வுக்கு முனைவர் பட்டம் தேவைப்பட்டது, சேர்ந்தேன். அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்துவிட்டுக் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிற உனக்கென்ன வந்தது என்று அவளை முதல் நாளே கேட்டேன்.

“எங்க லைன்ல செய்யிற பார்ட்ஸு பொட்டி பொட்டியா அங்கதான்க்கா போவுது. பொட்டி மேல ஊர் பேர ஒட்டறது நானு. மொம்பாசா, டர்பன்னு தெனம் ஒட்டிகினே கீறேன். அங்க யாரு இருக்காங்கன்னு தெரியாம எத்தினி வருசம் ஒட்டறது?”

இந்தத் தொழிற்பேட்டைப் பக்கம் வந்து தங்கும் ஆப்பிரிக்க மாணவர்களும் பயிற்சியாளர்களும் எப்படி வாழ்கிறார்கள் என்பதைத்தான் அவள் தலைப்பாகக் கேட்டாள். ஆப்பிரிக்காவைப் படிக்க ஆப்பிரிக்காவுக்கு அல்லவா போக வேண்டும் என்றார் நம் நெறியாளர். “அதுதான் ஷேர் ஆட்டோல ஏறி நம்ம பக்கத்துல ஒக்காந்துகினு கீதே சார். நாமதான் நவுந்து நவுந்து ஒக்கார்றோம்” என்றாள். அன்று அந்த அறையில் இருந்த நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். தலைப்பு கிடைத்துவிட்டது.

அடுத்த சண்டை அவளுடைய கேள்விப் படிவத்துக்கு. வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள் நிரப்புவதற்காகப் பன்னிரண்டு கேள்விகள் தயாரித்திருந்தாள். ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் மூன்று வரிகள். ‘ஆப்பிரிக்கர் ஒருவரை நீங்கள் ஒதுக்கிய சமயம் எது? அப்போது என்ன காரணம் சொன்னீர்கள்? உண்மையான காரணம் என்ன?’

“ஒதுக்கியதுண்டா என்றல்லவா கேட்க வேண்டும்?” என்று நெறியாளர் கோபப்பட்டார்.

“உண்டான்னு கேட்டா எல்லாரும் இல்லன்னுதான் எழுதுவாங்க சார். மொதல்ல நீங்க ஒண்ணு ரொப்பிக் குடுங்க.”

எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அவர் ஒரு வாரம் கழித்து நிரப்பி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று கோமதி கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன், முறைத்தாள்.

யாரிடமும் கேட்பதற்கு முன்னால் தன் படிவத்தைத் தான் நிரப்பிவிட வேண்டும் என்பது அவள் வைத்திருந்த வழக்கம். ரயிலில் நின்றுகொண்டே எழுதி எனக்குப் படித்துக் காட்டினாள். கம்பெனி கேண்டீனில் பயிற்சிக்கு வந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்தபோது இவள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போயிருக்கிறாள். சொன்ன காரணம், இங்கே ஃபேன் ஓடவில்லை. உண்மையான காரணம், கூட வேலை பார்க்கும் பெண்கள் கிண்டல் செய்வார்கள் என்ற பயம். “அந்த ஆளு ஃபேன நிமுந்து பாத்தாருக்கா. அது ஓடிகினு இருந்துச்சு” என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கும் ஒரு படிவம் கொடுத்தாள். இந்தப் பாடத்தை நடத்துகிறவளுக்கே படிவமா என்று உள்ளூர எரிச்சல். பைக்குள் செருகிக்கொண்டேன்.

பிள்ளைப்பாக்கத்து நிலத்தை விற்று நாங்கள் ஒரகடத்தில் மாடி வீடு கட்டியதை நீங்கள் அறிவீர்கள். மேல் போர்ஷனில் இருந்த நான்கு கம்பெனிப் பையன்கள் காலி செய்தபோது, தனக்குத் தெரிந்த ஒரு பெண்ணை அனுப்புவதாகக் கோமதி சொன்னாள். வந்தவள் அபேனா. கானா நாட்டில் குமாசி என்ற ஊர். அப்பா அங்கே லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். இவள் இங்கே மெக்கானிக்கல் படிக்கிறாள். கேட்டுக்கு வெளியே நின்று இதையெல்லாம் ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னாள். எதிர்வீட்டு அம்மா துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்று செவ்வாய்க்கிழமை. நாங்கள் செவ்வாய்க்கிழமை வீடு காட்டுவதில்லை” என்றேன்.

அவள் சிரித்தாள். “என் பெயருக்கே செவ்வாய்க்கிழமை பிறந்தவள் என்றுதான் அர்த்தம், ஆன்ட்டி. எங்கள் ஊரில் கிழமையை வைத்துப் பெயர் வைப்பார்கள்.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சரி, வேறொரு நாள் வருகிறேன் என்று போய்விட்டாள். பிறகு அவளும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. அந்த நான்கு பையன்களும் என்னிடம் சாவி வாங்கியதே ஒரு செவ்வாய்க்கிழமையில்தான்.

அடுத்த சனிக்கிழமை கோமதி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தாம்பரம் தாண்டியதும் என்னால் தாங்க முடியவில்லை. “கோமதி, அந்தப் பொண்ணு…” என்று ஆரம்பித்தேன்.

“ஃபாரம் எங்கக்கா?” என்றாள்.

பையிலிருந்து எடுத்து அங்கேயே நிரப்பினேன். ஒன்பதாவது கேள்விக்கு முதல் வரியில் அபேனா என்று எழுதினேன். இரண்டாவது வரியில் செவ்வாய்க்கிழமை. மூன்றாவது வரியில் பேனா நகரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பதினெட்டு வருஷமாக அந்த அடிமைக் கப்பல்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன், என்னையே சோதிக்கிறாயா என்று ரயிலில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

“கப்பலப் பத்திப் பேசறது ஈஸிக்கா. நம்ம வூட்டு கேட்டப் பத்திப் பேசறதுதான் கஷ்டம்” என்றாள். குரலில் குத்தல் இல்லை. படிவத்தை வாங்கி, மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘அப்புறம்’ என்று எழுதிக்கொண்டாள். “அவசரமில்ல. ஆனா காலி எடம் வுட்டு நான் தீசிஸ் குடுக்க மாட்டேன், ஆமா.” இரண்டு மாதம் போயிற்று. அவளும் கேட்கவில்லை, நானும் அந்த வரியைச் சொல்லவில்லை.

செய்தி கேட்டு, பிள்ளைப்பாக்கத்தில் கோமதியின் வீட்டுப் பந்தலுக்கு நான் போனபோது அபேனா எனக்கு முன்பே வந்திருந்தாள். ஓரமாக நின்றவளைப் பார்த்து உறவுக்காரப் பெண் ஒருத்தி, “யார்றீ இது, இங்க இன்னா வேல?” என்று கேட்டாள். கோமதியின் அம்மா அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். “எம் பொண்ணோட சிநேகிதி. நீ உள்ள வாம்மா” என்று அவள் கையைப் பிடித்து இழுத்துத் தலைமாட்டில் உட்கார வைத்துக்கொண்டார். எனக்கு உட்கார இடம் இல்லை. அபேனா என்னைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அவள் தோளை ஒட்டி ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். கோமதிக்காக அழுதேனா, வெட்கத்தில் அழுதேனா, எனக்கே தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் அந்த அம்மா படிவக் கட்டை என்னிடம் கொடுத்தார். “எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. எல்லாத்துக்கும் பதிலு வந்துடுச்சு, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கின்னு சொல்லிகினே இருந்தா.” அந்த ஒன்று யாருடையது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தேடி எடுத்தேன். ‘அப்புறம்’ என்பது அப்படியே இருந்தது.

நேற்று மூன்றாவது வரியை எழுதினேன். ‘அவள் கறுப்பு. அக்கம்பக்கம் பேசும் என்று பயந்தேன். என் கையும் கறுப்புதான் என்பது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.’ என் கணவரிடம் படித்துக் காட்டினேன். “எதிர்வூட்டுல இன்னா சொல்வாங்கன்னு யோசிச்சியா?” என்றார். மூணு மாசமா அதைத்தானே யோசிச்சேன் என்றேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மற்ற படிவங்களோடு என்னுடையதன் நகலையும் துறைக்கு அனுப்புகிறேன். பெயரை மறைக்கவில்லை, உங்களில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பென்சில் எழுத்துள்ள அசல் என்னிடம் இருக்கும். கோமதியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு தாளைத்தான்.

இன்று காலை அட்டையைக் கழற்றிவிட்டு அபேனாவைப் போனில் கூப்பிட்டேன். மூன்றாவது வரியை ஆங்கிலத்தில் மாற்றி அவளுக்கு வாசித்தேன். “எனக்கு அன்றைக்கே தெரியும், ஆன்ட்டி” என்றாள். சிங்கப்பெருமாள் கோவிலில் ஓர் அறையில் மூன்று பேரோடு இருக்கிறாளாம். வருவதாகச் சொல்லவில்லை, பார்க்கிறேன் என்றுதான் சொன்னாள். பிறகு, “வந்தால், எந்தக் கிழமை வரட்டும்?” என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை வா என்றேன்.