கருப்பையா பெண்சாதிக்குக் கொடுத்த சேலை

மற்றக் கிட்டங்கிக்காரரும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கம்பளை ரயிலடிக்குப் பக்கத்துக் காப்பிக்கொட்டை மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் நான் கணக்கப்பிள்ளை. கறுத்த கொட்டை, உடைந்த கொட்டை பொறுக்க நாற்பது பெண்கள் விடிந்ததிலிருந்து குனிந்தே இருக்கிறார்கள். பேர்ப் புத்தகத்தில் அவர்களைப் புருஷன் பேரால் எழுதுவதுதான் வழக்கம்.

தீபாவளிக்கு, சுத்தமாகப் பொறுக்கும் ஒருத்தியை எல்லார் முன்னாலும் சேலை கொடுத்துக் கௌரவிக்கச் சொன்னார் முதலாளி. புத்தகத்தைப் பார்த்து, "கருப்பையா பெண்சாதி!" என்று கூவினேன். வாசலில் நின்ற வண்டிக்காரக் கருப்பையா விறுவிறுவென்று வந்து, சேலையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். முதலாளி கைதட்டினார். அவன் பெண்சாதி நிமிரவேயில்லை, கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கிட்டப் போய், "உன் பேரு என்னம்மா?" என்றேன்.

"ஆறு வருஷமா கேக்காதவங்க இப்ப எதுக்குங்க கேக்குறீங்க?" என்றாள். கோபம்கூட இல்லை, அலுப்புதான். ஒரு கறுத்த கொட்டையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "வள்ளி" என்றாள்.

மறுநாளே நாற்பது பெண்களின் பேரையும் கேட்டுப் புத்தகத்தைத் திருத்தினேன். இப்போது காலையில் அவரவர் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். முதல் நாள் "வள்ளி!" என்று மூன்று தரம் கூப்பிட்டேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று மற்றவர்களோடு அவளும் திரும்பிப் பார்த்தாள்.