இளவரசனை முந்திக் கொன்றவன்

போன சனிக்கிழமை மகளின் காரில் ஏறியபோது வெங்காய மணம் முகத்தில் அடித்தது. வெங்காயம் விளைகிற புக்கெகோஹியில் யாரோ ஒரு மூட்டை கொடுத்துவிட்டார்களாம். வெங்காயத்துக்கு மற்றவர்களுக்குக் கண் எரியும். எனக்கு எரிவது வயிறு. காரணம் அன்ரன்.

தொண்ணூறுகளில், ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நாங்கள் இருவரும் ரானுயியில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். விடிய அவருடைய காரில் புக்கெகோஹிக்குப் போய் வெங்காயம் தரம் பிரிப்போம். ஊரில் நான் கணக்கு வாத்தியார், அவர் மன்னாரில் சரித்திர வாத்தியார். வெங்காயத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் தேநீர் நேரத்தில் கணக்கை யார் கேட்பார்கள்?

அன்ரன் ஒரு பிரெஞ்சு இளவரசனின் கதையைத் தினம் கொஞ்சமாகச் சொல்லி வந்தார். வம்சத்திலிருந்து தொடங்கினார். ஐரோப்பாவை ஆட்டிவைத்த பேரரசன், இளவரசனுடைய பாட்டனின் தமையன். அந்தத் தமையன் தன் மனைவியின் முதல் கலியாணத்து மகளையே தம்பிக்குக் கட்டிவைத்தான். கலியாணம் பேசுகிற வீட்டில் சாதகத்தை விரித்ததுபோல எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஜெசிந்தாவும்தான். வெங்காயம் ஓடுகிற பெல்ட்டில் என் எதிரே நிற்கிற அவளோடு எப்படிக் கதைக்கத் தொடங்குவது என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தவன் நான். அவளோ மணி அடித்ததும், "பிறகு என்ன சேர்?" என்று அன்ரனிடம் ஓடுவாள்.

இளவரசனின் தகப்பன் போரில் தோற்று முடியிழந்தார், குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடியது, பையன் அங்கே படையதிகாரியாகப் படித்தான். இதற்கே இரண்டு கிழமை. ஒற்றைப் பிள்ளை, தாய்க்கு உயிர். செத்துப்போன ஒரு வெள்ளைக்காரப் பையன்மேல் நான் பொறாமைப்பட்டேன் என்றால் சிரிக்காதீர்கள்.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போய் முடிவை மட்டும் தேடிப் படித்தேன். திங்கட்கிழமை அன்ரன் கதையில் அவனைப் போருக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றியதும் நான் குறுக்கிட்டேன்.

"அவன் அங்கை செத்துப்போவான். அந்த நாட்டுச் சூலுப் படைக்காரர் சுத்தி வளைக்க, குதிரையிலை ஏறேக்கை சேணத்து வார் அறுந்துபோம். ஈட்டியாலை குத்திப் போடுவாங்கள். இருபத்திமூண்டு வயசு."

ஜெசிந்தா கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுடைய தம்பி வன்னியில் காணாமல் போய் ஒரு வருடம் என்பது எனக்கும் தெரியும். அந்த நேரம் நினைவில் இல்லை. முதல்தடவையாக அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "தாய்க்கு ஆர் சொன்னது?"

நான் அவ்வளவு தூரம் படித்திருக்கவில்லை. அன்ரனைப் பார்த்தேன். அவர் எழுந்து கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது காரில் அவர் கோபப்படவில்லை. "கேட்டிருந்தா முடிவை உங்களையே சொல்ல விட்டிருப்பன்," என்றார். "தம்பியைத் துலைச்ச அந்தப் பிள்ளைக்காகத்தான் கதையை இழுத்துக்கொண்டு போனனான்." அதன்பிறகு அவர் கதை சொல்லவில்லை. ஜெசிந்தா அடுத்த மாதமே மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்விட்டாள்.

பிறகுதான் மிச்சத்தைப் படித்தேன். மகன் விழுந்த இடத்தைப் பார்ப்பதற்கென்றே அந்தத் தாய் அடுத்த வருடம் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினாளாம். சொல்ல ஜெசிந்தா இல்லை.

வெங்காயக் கொட்டகை நின்ற இடத்தில் இப்போது வரிசையாக வீடுகள். அன்ரன் மெல்பேர்ணில் காலமாகி ஏழு வருடம். அந்தத் தாயின் பயணத்தை அவரானால் ஒரு மாதம் சொல்லியிருப்பார். நானும் தனியே பலதடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். இரண்டு வசனத்தில் முடிந்துவிடுகிறது.