ஆட்டம் இல்லாத கோல்கீப்பர்

மத்திகிரியில் கம்பெனி பஸ் ஏறியதும் பக்கத்து சீட்டுக்காரர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தார். அந்த வாசனை என்னை, சின்ன வயதில் நாங்கள் இருந்த ஜாம்பியாவின் தாமிரச் சுரங்க ஊருக்குக் கொண்டுபோனது. அப்பா அங்கே ஃபிட்டர். பக்கத்து வீட்டுக்காரர் சுரங்கத்துக் கால்பந்து கிளப்பின் கோல்கீப்பர். சுரங்கம் கைமாறியதும் கிளப்பைக் கலைத்துவிட்டார்கள். அவரோ தினமும் தைலம் பூசி, ஜெர்சி மாட்டி மைதானத்துக்குப் போனார்.

"மேட்ச்சே இல்ல, யார் பந்தைப் பிடிக்கப் போறாராம்?" என்று அப்பா சிரித்தார்.

"வீடு கிளப் குடுத்ததுங்க. சும்மா உக்காந்தா காலி பண்ணச் சொல்லிருவாங்கன்னு பயம்," என்றாள் அம்மா.

ஒரு சாயங்காலம் அவர் மைதானத்தில் இருக்கும்போதே சாமான்களை வெளியே வைத்து வீட்டைப் பூட்டிவிட்டார்கள்.

இப்போது எங்கள் கம்பெனியிலும் என் புரொடக்‌ஷன் லைன் தீபாவளியிலிருந்து ஓடவில்லை. நின்ற மெஷினைத் துடைக்கத்தான் தினமும் போகிறேன். கேட் வந்ததும் முதல் ஆளாக இறங்கி வருகைக் கார்டை பஞ்ச் பண்ணினேன்.