காசு கட்டுற ஆபீசும் சும்மா கிடைக்கிற ஆபீசும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது கால்வாசி வேலை, முக்கால்வாசி காத்திருப்பு. திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நிரம்பிக்கொண்டே போகும், நாம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். தொண்ணூற்றொன்பதில் வந்து அது நின்றுவிட்டால் நம்மீது ஏதோ பழைய பகை என்றே தோன்றும், என்னைப் போன்ற பாவிகளுக்கு இது தெரியும். எனக்கு அந்தக் காத்திருப்பு பிடிக்கும். நான் பிறவியிலேயே கனவு காண்கிற ஆள். ராஜபாளையத்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மேற்கே மலை தெரியும். கோடு நிரம்புவதற்குள் நான் பாதி மலை ஏறி, அருவியில் குளித்து, தலை துவட்டிக்கொண்டு இறங்கியிருப்பேன்.

கொஞ்ச காலமாக எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் வருஷாவருஷம் சந்தா கட்டுகிற ‘ஆபீஸ்’ மென்பொருளை வாங்குவதா, இணையத்தில் சும்மா கிடைப்பதைப் போட்டுக்கொள்வதா? சந்தா விற்றால் எனக்குக் கொஞ்சம் கமிஷன் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

யார் பேரில் இருக்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பத்திர எழுத்தர். கம்ப்யூட்டர் வாங்கியபோது ஒரு வருஷச் சந்தா கூடவே வந்திருக்கிறது. வருஷம் முடிந்ததும் திரையின் மேல் ஒரு மஞ்சள் பட்டை வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய பத்திரங்களைத் திறக்கலாம், படிக்கலாம், ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. எனக்குப் போன் போட்டார்.

நான் சும்மா கிடைப்பதைப் போட்டுக் கொடுத்தேன். கோடு நிரம்பிய நேரத்தில் கோபுரத்தைச் சுற்றிப் பறந்த புறாக்களோடு நானும் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக அடுத்தவர் சொத்துக்குப் பத்திரம் எழுதியவர் என்பதால், அவருடைய சந்தேகமும் அந்த வழியில்தான் போனது.

"நான் எழுதுன பத்திரத்த நானே திருத்த முடியலன்னா, அது இப்ப யாரு பேர்ல இருக்கு தம்பி?"

ஜன்னலோர மேஜை

ராஜபாளையத்துக்குக் கிழக்கே பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி ஒன்று. ஆபீசில் நாலு கம்ப்யூட்டர். நாலுக்கும் சந்தா முடியப்போகிறது. "கட்டவா, வேண்டாமா? நீயே பாத்துச் சொல்லு" என்று முதலாளி என்னிடம் விட்டுவிட்டார். முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இலவசத்தைப் போட்டுப் பார்ப்போம் என்றேன். அது ஜெபமணி அக்காவின் கம்ப்யூட்டராக அமைந்துவிட்டது.

அக்கா அங்கே பத்தொன்பது வருஷமாக இருக்கிறார். கடிதம், பில், ஏற்றுமதிப் பெட்டிகளுக்கான பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அவர் கைதான். கணவர் இல்லை. மகள் நர்சிங் படிக்கிறாள், முடிக்க இன்னும் ஒன்றரை வருஷம். அதுவரை இந்த வேலை இருந்தாக வேண்டும். அவர் இதையெல்லாம் புகாராகச் சொல்லவில்லை. நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மலைமேல் இறங்கிய மேகத்தைப் பார்த்தபடி தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார். பக்கத்துக் கொட்டகையில் தறிகள் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் செருகியது. அக்கா மேஜையில் லேசாகத் தட்டினார்.

"எதை வேணும்னாலும் போடு தம்பி. நாளைக்கு நான் வந்து உக்காரும்போது என் கை போற எடத்துல எல்லாம் இருக்கணும், அம்புட்டுதான்."

கை அழும்

மம்சாபுரத்தில் ஒரு ஓய்வுபெற்ற ராணுவக்காரர். கூடப் பணிசெய்தவர்களுக்கெல்லாம் பென்ஷன் மனு அடித்துக் கொடுப்பவர். வெளியூரில் இருக்கும் மகன்தான் சந்தா கட்டி வந்தான். ஒவ்வொரு வருஷமும் அவனுக்குப் போன் செய்து ஞாபகப்படுத்த மனம் வராமல், இலவசத்துக்கு மாறிக்கொண்டார். எந்தக் கட்டளை எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். ஒரு வாரம் கழித்துப் பிரிண்டர் பார்க்கப் போனபோது தாள் இருந்தது, ஆனால் அவர் அதைப் பார்க்கவே இல்லை. சிரமமாக இல்லையா என்று கேட்டேன்.

"பட்டாளத்துல என் துப்பாக்கிய மூணு தடவ மாத்துனாங்க. கை ஒரு வாரம் அழும், பொறவு பழகிரும்."

அங்கே நேர், இங்கே கோணல்

இதை ஜெபமணி அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வண்டியில் வந்தேன். அதற்குள் கம்பெனியிலிருந்து போன். அக்கா அடித்த பேக்கிங் லிஸ்ட்டை முதலாளி, இன்னும் சந்தா ஓடுகிற தன் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறார். எண்கள் எல்லாம் வரிசை கலைந்து, பெட்டி எண்ணிக்கை எடைக்குக் கீழே போய் நின்றிருக்கிறது. வாசலில் சரக்கு ஏற்றிய லாரி காத்துக்கொண்டிருந்தது. அக்கா திரும்ப நேராக்கி அனுப்பினால் திரும்பவும் கோணல். மூன்று முறை இப்படி.

நான் போய்ப் பார்த்தேன். அக்காவின் திரையில் லிஸ்ட் நூல் பிடித்ததுபோல் நேராக நின்றது. அதே லிஸ்ட் முதலாளியின் திரையில் சந்தைக்கூட்டம் மாதிரி கலைந்து கிடந்தது. அக்காவின் திரையைப் பார்த்து முதலாளியின் கம்ப்யூட்டரில் நானே புதிதாக அடித்துக் கொடுத்து லாரியை அனுப்பிவைத்தேன். முதலாளி கெட்ட மனிதர் அல்ல, குரலை உயர்த்தவும் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டர் டிகிரி படிச்ச பொண்ணு ஒண்ணு வேல கேட்டு வந்துட்டுப் போயிருக்கு தம்பி. செத்த நேரம் உக்காந்து பாரு, தப்பு மிஷின்லயா, ஆள்லயான்னு எனக்குச் சொல்லு."

உதடு

அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இன்னொரு லிஸ்ட் அடிக்கச் சொன்னேன். விரல்கள் ஓடின. உதடுகளும் அசைந்தன. பயத்தில் ஜெபம் செய்கிறார் என்று நினைத்து நானும் கொஞ்சம் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகுதான் காது கொடுத்துக் கேட்டேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தார். பொருளின் பெயரை அடித்துவிட்டு ஸ்பேஸ் பாரை ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டி, அடுத்த எண் நிற்க வேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

சிறுவயதில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். பரீட்சைக்கு ஸ்டேட்மென்ட் பேப்பர் என்று ஒன்று உண்டு, எழுத்தையும் இடைவெளியையும் எண்ணித்தான் கட்டங்களை நேராக்க வேண்டும். அந்தப் பழக்கம் கம்ப்யூட்டர் வந்த பிறகும் கையைவிட்டுப் போகவில்லை. பத்தொன்பது வருஷ லிஸ்ட்டுகளும் அப்படி எண்ணி எண்ணி நின்றவை. சந்தா மென்பொருளோடு வந்த எழுத்துரு ஓர் அகலம், இலவசத்தின் எழுத்துரு இன்னோர் அகலம், அதனால் இங்கே நேராக இருப்பது அங்கே கோணலாகிவிடுகிறது. டேபிள் என்று கட்டம் ஒன்று போட்டால் இந்தத் தட்டல் எதுவும் வேண்டாம். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. இத்தனை வருஷம் வந்துபோன நானும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதே ஒரு பொய் எனக்குத் தயாராகிவிட்டது. "தப்பு மிஷின்லதான், இலவசம் சரிப்படாது, நாலுக்கும் சந்தா கட்டிருங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிடலாம். அக்காவுக்கு வேலை, எனக்குக் கமிஷன். மலையைப் பார்த்துக்கொண்டே அந்தப் பொய்யை இரண்டு முறை ஒத்திகை பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டதைக் கண்டிருந்த அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்காக ஒண்ணும் சொல்லிராத தம்பி. பொறவு நான் ஒன்னயப் பாக்கும்போதெல்லாம் தலையக் குனியணும்."

பன்னிரண்டு

முதலாளி மேஜையில் பேண்டேஜுக்கான காஸ் துணியை விரித்து, கண்ணோடு ஒட்டிய சின்ன லென்ஸால் இழை எண்ணிக்கொண்டிருந்தார். ஓர் அங்குலத்துக்குள் இத்தனை இழை இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டம். ஒன்று குறைந்தாலும் சரக்கு திரும்பி வந்துவிடும். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் போய் நின்றார். "தப்பு மிஷின்ல இல்ல மொதலாளி. எனக்கு டேபிள் போடத் தெரியாது. இம்புட்டு வருஷமும் ஸ்பேஸ எண்ணி எண்ணித்தான் நேராக்கினேன்."

முதலாளி லென்ஸை எடுக்காமலே கேட்டார், "காஸ் ரோலுக்கு எத்தன ஸ்பேஸ்?" "பன்னெண்டு" என்றார் அக்கா. "பஞ்சுக் கட்டுக்கு?" "பதினாறு." "கிரேப் பேண்டேஜுக்கு?" "ஒம்பது." மூன்றையும் யோசிக்காமல் சொன்னார். முதலாளி நிமிர்ந்தார். லென்ஸ் அழுத்திய வட்டம் கண்ணைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது. அவர் அக்காவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் துணியில எண்ணுதேன், அவிய தாள்ல எண்ணிருக்காவ. டேபிள ஒனக்குத் தெரியும்ல தம்பி, சொல்லிக் குடுத்துட்டுப் போ."

கட்டம் இருக்கட்டும்

ஒரு மத்தியானத்தில் அக்கா டேபிள் போடக் கற்றுக்கொண்டார். ஒரு வாரம் கை அழுதது. அந்த டிகிரிப் பெண்ணை யாரும் கூப்பிடவில்லை. எந்த ஆபீஸ் வேண்டும் என்பதை முதலாளி அக்காவிடமே விட்டார். அவர் சும்மா கிடைப்பதையே கேட்டார், பழைய மென்பொருளைத் திறந்தால் கை பழையபடி ஸ்பேஸ் தட்டப் போய்விடுமாம். நாலிலும் அதைப் போட்டேன். என் கமிஷன் மலைமேல் மேகமாகப் போனது, நானும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து வேறு வேலையாகப் போனேன். அக்காவின் திரையில் அழகான கட்டங்கள், எண்கள் தாமாகவே வரிசையில் நின்றன. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. இப்போது எதற்கு எண்ணுகிறீர்கள் அக்கா என்று கேட்டேன். மகளுக்கு இன்னும் எத்தனை மாதம் என்பதைத்தான் எண்ணுகிறாரோ என்று எனக்கு ஒரு நினைப்பு. அவர் சிரித்தார்.

"எண்ணலேன்னா பயமா இருக்கு தம்பி. கட்டமும் இருக்கட்டும், எண்ணிக்கையும் இருக்கட்டும்."

காசு கட்டுற ஆபீசா, சும்மா கிடைக்கிற ஆபீசா என்று இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் திரையைப் பார்ப்பதில்லை, டைப் அடிக்கிறவரின் உதட்டைத்தான் பார்க்கிறேன், அதற்கு இதுவரை ஒருவரும் சர்வீஸ் சார்ஜ் தந்ததில்லை.