கருவாட்டு வைக்கோலின் சாம்பல்

என் மச்சி ஸுல்பிகாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. என் கணவரின் அக்கா அவள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் இயக்கம் துரத்தியபோது சின்னப்பிள்ளையாக இங்கே புத்தளப் பக்கம் கரைத்தீவுக்கு வந்தவள். அன்றிலிருந்து அடுத்தவன் தோட்டத்தில்தான் புல் பிடுங்கினாள், மிளகாய் ஆய்ந்தாள். கடையில் உரம் கிடைக்காமல் போன அந்த வருடம்தான் ரஸாக் ஹாஜியார் தன் காணியில் ஒரு துண்டை அவளிடம் விட்டார்.

"இந்தப் போகம் பயிரைக் காப்பாத்திக் காட்டு. பிறகு துண்டு உனக்குத்தான்" என்றார். அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

உரமில்லாமல் எப்படிக் காப்பாற்றுவது? அவளுடைய வாப்பா மன்னாரில் நெல்லுச் சூடடித்த வைக்கோலை எரித்து, சாம்பலைப் பாத்திக்குப் போடுவாராம். "சாம்பல் போட்டாக் காய் கொத்துக் கொத்தாத் தொங்கும்டி, ஹஃபீலா" என்று என் காதைத் தின்றாள். இந்தக் கடற்கரையில் வயல் எங்கே, வைக்கோல் எங்கே?

கருவாட்டு வாடியில் இருந்தது. மீனில் மணல் ஒட்டாமலிருக்க வாடிக்கார அன்ரனிப்பிள்ளையண்ணன் வைக்கோல் பரப்பி, அதன்மேல்தான் உப்பிட்ட மீனைக் காயவைப்பார். பழையதைக் கேட்டதும், "அள்ளிக்கொண்டு போங்கோ தங்கச்சி, எனக்குக் கரைச்சல் குறையும்" என்றார்.

"நாத்தம் கொடலைப் புடுங்குது, மச்சி. இதையா தோட்டத்துக்கு?" என்றேன்.

"நெருப்புல போனா எல்லாம் சுத்தமாகிடும். உனக்குச் சோம்பல், அதான் சாட்டுச் சொல்றாய்."

எரித்தாள். மிளகாய்க் கன்றுகளின் அடியில் கை நிறையக் கை நிறையச் சாம்பலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அடுத்த வளவுதான் என்னுடையது; அங்கேயும் மிளகாய்தான். எனக்கும் ஒரு சாக்குக் கொண்டுவந்து வைத்து, "நாளைக்கே போடணும்" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனாள். நான் போடவில்லை. யார் குனிந்து நிமிர்வது!

இரண்டொரு நாளில், காலையில் அவள் அலறல் கேட்டு ஓடினேன். யா அல்லாஹ்! துண்டு முழுக்கக் கன்றுகள் வெந்நீர் ஊற்றியதுபோல் சுருண்டு கிடந்தன. ஒன்றாவது நிமிர்ந்து நிற்க வேண்டுமே! இல்லை.

ஸுல்பிகா குந்தி, அடியில் கிடந்த சாம்பலைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். முகம் செத்துப்போயிற்று.

"உப்புடி."

வைக்கோல் எரிந்தது, நாற்றமும் எரிந்தது. மீனிலிருந்து வடிந்த உப்பு எரியுமா? எங்கள் இருவர் மண்டையிலும் அது ஏறவே இல்லையே! இத்தனை வருடம் கடலோரத்தில் இருந்து என்ன பிரயோசனம்?

சட்டென்று எழுந்து என் வளவுக்கு ஓடினாள். கோடியில் அந்தச் சாக்கு, கட்டுப் பிரிக்காமல் அப்படியே கிடந்தது. அதன்மேல் விழுந்து, அப்போதுதான் அழுதாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! நல்லகாலம், நீ சோம்பேறியா இருந்தது. உன்ட புள்ளையள்ட வயித்துலயும் அடிக்கப் பாத்தேனே!"

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குள் ஹாஜியாரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய் அவர் முன்னால் நின்றாள்.

"வைக்கோல் தந்தவர்ல பிழையில்ல, ஹாஜியார். பிழை என்ட. தண்ணி இறைச்சு மண்ணை அலசித் தாறன். பிறகு துண்டை ஆருக்கெண்டாலும் குடுங்க."

அவர் குனிந்து ஒரு கன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். அவள் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். நான் என் வாளியைத் தேடினேன்.