விரல் ரத்தத்தில் இல்லாத காய்ச்சல்

நான் எழுதிக் குடுத்த ஒரு ரிசல்ட்டால ஒரு பெண் குழந்தை போச்சு. முப்பத்தொரு வருஷம் லேப் டெக்னீஷியனா இருந்து ரிட்டையர் ஆனவ நான். நல்லது எத்தனையோ நடந்திருக்கு, சொன்னா கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா இப்ப லேப்ல உக்காந்திருக்கிற பிள்ளைங்க படிக்கணும்னு எழுதச் சொன்னாங்க. அதனால கெட்டதையே எழுதுறேன்.

1. செவ்வாய்க்கிழமை

கறம்பக்குடிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். ஊர் பேரு வேண்டாம். செவ்வாய்க்கிழமைன்னா கர்ப்பிணிங்க நாள். எட்டரைக்கே லேப் வாசல்ல வரிசை நின்னுரும். ஹீமோகுளோபின், சுகர், யூரின் எல்லாத்துக்கும் ஒரே ஆளு நான். "அக்கா, பஸ்ஸு போயிரும்க்கா"ம்பா ஒருத்தி. "வெறும் வயித்தோட நிக்கிறேன், தலை சுத்துது"ம்பா இன்னொருத்தி. எனக்கு வாய் நீளம். "எனக்கென்ன பத்து கையா இருக்கு? பேசாம நில்லுங்கடி!"ன்னு கத்துவேன். அவளுகளும் சிரிச்சுக்கிட்டே நிப்பாளுக.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான் ஜமுனா வந்தா. ஒடிசாக்காரி, இருபது வயசு இருக்கும். புருஷன் மங்களு செங்கல் சூளையில கல்லு அறுக்கிறவன். ரெண்டு வருஷமா இங்கிட்டே இருக்கிறதால தமிழ் நல்லாவே பேசுவா. தலைச்சன் பிள்ளை, ஏழாம் மாசம். நடுவுல அவ ஊருக்குப் போயி ஒரு மாசம் இருந்துட்டு வந்திருந்தா. மலைக்காட்டு ஊரு, கொசு ஜாஸ்தி.

டாக்டரம்மா சீட்டுல ஹீமோகுளோபினோட எம்.பி. ஸ்மியரும் எழுதியிருந்தாங்க. எம்.பி.ன்னா ரத்தத்துல மலேரியா கிருமி இருக்கான்னு பாக்கிறது.

"காய்ச்சல் இருக்கா ஒனக்கு?"

"பெருசா இல்லக்கா. சாயங்காலம் ஒடம்பு கொஞ்சம் கதகதன்னு இருக்கும். எங்க ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான். சின்னப் பிள்ளையில இருந்து வரும், போகும்."

"சரி, வெரலக் குடு."

"மெதுவா குத்துங்கக்கா."

"பிள்ளை பெறப் போறவ ஊசிக்குப் பயப்படுறா பாரு!"

வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சா. ஹீமோகுளோபின் ஏழுதான் இருந்துச்சு, பதினொண்ணாவது இருக்கணும்.

2. பழுப்புப் பொடி

எங்க பக்கம் மலேரியா கேஸ் அபூர்வம். வருஷக்கணக்கா ஸ்லைடு போட்டு, வருஷக்கணக்கா நெகடிவ்னு எழுதி என் கை பழகிப்போச்சு. ஆனா அன்னைக்கு நான் வேலையில ஏமாத்தலை. மைக்ரோஸ்கோப்புல ஸ்லைடை நகத்தி நகத்தி நூறு ஃபீல்டு, அதாவது நூறு எடம், பாக்கணும்னா நூறும் பார்த்தேன். கிட்டு டெஸ்ட்டும் போட்டேன். ஒரு கோடுதான் வந்துச்சு, அப்படின்னா நெகடிவ். கிருமி ஒண்ணுகூட கண்ணுல படலை.

வேற ஒண்ணு பட்டுச்சு. ரெண்டு மூணு வெள்ளை அணுவுக்குள்ள பழுப்பா, காப்பித்தூள் மாதிரி ஒரு பொடி.

அன்னைக்கு ஸ்டெய்ன் பாட்டில், அதான் ஸ்லைடுல ஊத்துற சாயம், அடிமட்டத்துக்கு வந்திருந்துச்சு. ரெண்டு நாளா வடிகட்டலை. வடிகட்டாத ஸ்டெய்ன்ல பொடி படியும், எந்த லேப்ல கேட்டாலும் சொல்லுவாங்க. "சே, நம்ம அழுக்கு"ன்னு நானே முடிவு பண்ணிட்டேன். வடிகட்டி இன்னொரு ஸ்லைடு போட்டுப் பார்க்க முக்கால் மணி நேரம் ஆகும். வெளிய வரிசை நிக்குது. நெகடிவ்னு எழுதி சீல் குத்தினேன்.

ஸ்டெய்ன் அழுக்கா இருந்தா அணுவுக்கு வெளியிலயும் அங்கிட்டும் இங்கிட்டும் சிதறிக் கெடக்கணும். இது அணுவுக்குள்ள மட்டும் இருந்துச்சு. கிருமியத் தின்ன வெள்ளை அணு அப்படித்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமில்ல, ட்ரெயினிங்லயே படிச்சது. தெரிஞ்சும் ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கலை.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்துட்டு, "நெகடிவா ஸ்டெல்லா? அப்ப சாப்பாட்டுக் குறைச்சல்தான் போல"ன்னு சொல்லி அயர்ன் ஊசி எழுதினாங்க. என்னை நம்பித்தான் எழுதினாங்க.

அதுக்கப்புறம் வந்தப்பல்லாம் நர்ஸ் வளர்மதி வயித்தை டேப் வச்சு அளந்துட்டு, "மாசத்துக்கு ஏத்த வளர்ச்சி இல்லையே, நல்லா சாப்புடும்மா"ம்பா. ஜமுனா லேப் வாசல்ல தலைய நீட்டி, "அக்கா, புள்ள ஒதைக்குது"ன்னு சொல்லிட்டுப் போவா. "ஒன்ன மாதிரியே குள்ளமா பொறக்கப் போகுது, போடி"ன்னு நானும் கேலி பண்ணுவேன். அதை இப்ப நெனச்சா நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருக்கு.

3. ட்ரே

அஞ்சு வாரம் கழிச்சு ஒரு மத்தியானம் வலி வந்துருச்சுன்னு சூளை டெம்போவுல தூக்கிட்டு வந்தாங்க. நாள் இன்னும் ஒரு மாசத்துக்கு மேல கெடக்கு. 108-க்குப் போன் போட்டோம். அது வர்றதுக்குள்ள பிரசவம் ஆயிருச்சு.

பொம்பளப் பிள்ளை. ஒரு கிலோ முன்னூறு. ரெண்டு தடவை அழுதுச்சு, அவ்வளவுதான். டாக்டரம்மாவும் வளர்மதியும் ஆக்ஸிஜன் வச்சு, நெஞ்சை அமுக்கி, என்னென்னமோ பண்ணாங்க. நாப்பது நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுபோச்சு. 108 வந்து வாசல்ல சும்மா நின்னுச்சு.

வெளிய மங்களு ஒரு புதுத்துண்டோட நின்னான். பிள்ளையையும் நஞ்சுக்கொடியையும் சேர்த்துத்தான் புதைக்கணுமாம், அவங்க வழக்கம். "ஒண்ணா வந்தது, ஒண்ணா போகணும் மேடம். குடுத்துருங்க"ன்னு வளர்மதிகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தான்.

டாக்டரம்மா என்னை உள்ள கூப்பிட்டாங்க. ட்ரேயில நஞ்சுக்கொடி. கைப்பிடி அளவுதான் இருக்கும், கருத்துப்போய்க் கெடந்துச்சு.

"ஸ்டெல்லா, தாய் ஒடம்புல ஒட்டியிருந்த பக்கத்துல ஸ்லைடைத் தொட்டு எடுத்து ஒரு ஸ்மியர் போடுங்க. எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு. சீக்கிரம், பாவம் அவர் காத்துக்கிட்டு நிக்கிறார்."

ரெண்டு ஸ்லைடு தொட்டு எடுத்தேன். வளர்மதி நஞ்சுக்கொடியைத் துணியில சுத்தி மங்களு கையில குடுத்தா. இந்தத் தடவை ஸ்டெய்னை வடிகட்டினேன். லென்ஸ்ல கண்ணை வச்ச மொத ஃபீல்டுலயே கிருமி, நெல்லு கொட்டுன மாதிரி. சுத்தி வெள்ளை அணு கூட்டம், அதுக்குள்ள எல்லாம் அதே பழுப்புப் பொடி.

டாக்டரம்மாவும் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க.

"சின்ன வயசுல இருந்து மலேரியா வந்து வந்து இந்தப் பொண்ணு ஒடம்பு அதோட சண்டை போடப் பழகிருச்சு. அதான் காய்ச்சல் ஏறலை. ஆனா நஞ்சுக்கொடின்னு ஒண்ணு அவ ஒடம்புல இதுதான் மொத தடவை. கிருமி ஏறுன சிவப்பணு அதுல போய் ஒட்டிக்கிறதுக்குன்னே வேற ஒரு பசையைப் பூசிக்குது. அந்தப் பசையை அவ ஒடம்பு முன்னப் பின்ன பார்த்ததே இல்ல. அதுக்கு எதிர்ப்பு சக்தியும் இல்ல. எல்லாம் அங்க போய் ஒட்டிக்கிட்டா, வெரல்ல குத்தி எடுக்கிற ரத்தத்துல எங்க இருக்கும்? அப்புறம் வெள்ளை அணு படையெடுத்து வந்து அங்கயே சண்டை போடுது. அது பிள்ளைக்குச் சாப்பாடும் காத்தும் போற வழி. வழி வீங்கி அடைச்சுக்கிட்டா பிள்ளை எப்படி வளரும்?"

4. குழாயடி

பார்த்த ஸ்லைடையெல்லாம் பெட்டியில எடுத்து வைக்கிறது வழக்கம், மேல இருந்து கேட்டா அனுப்பணும். ஜமுனாவோட பழைய ஸ்லைடைத் தேடி எடுத்தேன். அழுக்கு இல்ல. கிருமி இருக்குன்னு அந்தப் பொடி அன்னைக்கே எனக்குக் காட்டிருக்கு.

பொய் சொல்ல மாட்டேன். அந்த ஸ்லைடோட குழாயடிக்குப் போனேன். சோப்புத் தண்ணியில போட்டு ஒரு தேய் தேச்சா வெறும் கண்ணாடி. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. சர்வீஸ் முடிய நாலு வருஷம்தான் கெடக்கு. குழாயைத் திறந்துட்டேன். உள்ள வார்டுல அந்தப் பொண்ணு அவ பாஷையில அழுறது கேட்டுச்சு. ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியலை, ஆனா யாரைக் கூப்புடுறான்னு தெரிஞ்சுச்சு. குழாயை மூடிட்டு டாக்டரம்மா மேஜையில கொண்டுபோய் வச்சேன்.

பார்த்துட்டு, "அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே ஸ்டெல்லா. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருப்பேன், மருந்து குடுத்திருக்கலாம்"னாங்க. "மருந்து குடுத்தாலும் பொழைச்சிருக்கும்னு சொல்ல முடியாது"ன்னும் சொன்னாங்க. எனக்காகத்தான் சொன்னாங்க. அதுல எனக்கு ஆறுதல் இல்ல. மெமோ வந்துச்சு, பதில் எழுதினேன். அது ஒரு பெரிய விஷயமே இல்ல.

5. சூளை

ஜமுனாவுக்கு மாத்திரை குடுத்து ரத்தம் தேறுச்சு. பத்து நாள் கழிச்சு மறுபடி ஸ்மியர் எடுக்க வளர்மதியோட நானும் சூளைக்குப் போனேன். தகரக் கொட்டாய் நெழல்ல உக்காந்திருந்தா. மார்ல பால் கட்டி வலிக்குதுன்னு ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தா. அதையும் மீறி ஜாக்கெட் நனைஞ்சிருந்துச்சு.

அவ காலுகிட்ட உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். பொடியைப் பார்த்தது, அழுக்குன்னு நெனச்சது, நெகடிவ்னு எழுதினது, எல்லாம். "தப்பு என் மேலதான் ஜமுனா"ன்னேன். திட்டுவா, அடிப்பான்னுதான் போனேன். அடிச்சிருந்தா தேவலை.

நனைஞ்ச துணியை இழுத்து இறுக்கிக்கிட்டா. அப்புறம், "அடுத்த புள்ளைக்கும் இப்படி ஆகுமாக்கா?"ன்னு கேட்டா.

"ஆக விடக் கூடாது. ஊருக்குப் போனா வலை கட்டிப் படு. நாள் தள்ளிப்போன ஒடனே டெஸ்ட்டுக்கு வந்துரு. ஒன் ஒடம்பு இப்ப அந்தக் கிருமியோட புதுப் பசையைப் பார்த்திருச்சு, கொஞ்சம் எதிர்ப்பு வந்திருக்கும். தலைச்சனுக்கு இருந்த ஆபத்து அடுத்ததுக்கு அவ்வளவு இருக்காது. ஆனா அதை மட்டும் நம்பி இருந்துராத."

அவ துணி முடிச்சைக் கையால புடிச்சுக்கிட்டே கேட்டா.

"அப்ப எம் பொண்ணு வந்து என் ஒடம்புக்குக் கத்துக் குடுத்துட்டுப் போயிருக்காளா?"

வளர்மதி முகத்தைத் திருப்பிக்கிட்டா. நான் அங்கயே உக்காந்து அழுதேன். அவதான் என் கையைப் புடிச்சா.

பிள்ளைங்களா, பார்த்தது ஒங்களுக்குப் புரியலைன்னா புரியலைன்னே எழுதுங்க. டாக்டர் திட்டுவாங்க, வரிசையில நிக்கிறவங்களும் திட்டுவாங்க. திட்டு வாங்கிட்டு வீட்டுக்குப் போயி நிம்மதியா சோறு திங்கலாம். ஜமுனா கேட்ட மாதிரி ஒரு கேள்வியை வாங்கிட்டு வந்தா அது முடியாது.