சத்தியப் பிரமாணமும் ஜெசிந்தா சிஸ்டரின் பென்ஷனும்

அன்று காலை லண்டனில் உள்ள எங்கள் வரிக்கணக்கு அலுவலகத்துக்கு வரவேண்டிய ஜெசிந்தா சிஸ்டர், கொஞ்சம் பிந்தி வருவதாகப் போன் செய்தார். கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற ஊரின் டவுன் ஹாலில் பிரிட்டிஷ் குடியுரிமை விழாவாம். சத்தியப் பிரமாணம் எடுத்துவிட்டு நேரே வருவாராம். விண்ணப்பித்ததையே அவர் அதுவரை சொல்லவில்லை. வாழ்த்துச் சொல்லிப் போனை வைத்த அடுத்த நிமிடம்தான் அவருடைய பென்ஷன் எனக்கு நினைவுக்கு வந்தது.

சிஸ்டர் நாகர்கோவிலில் அரசு மருத்துவமனை நர்ஸாக இருந்தவர். விருப்ப ஓய்வு பெற்று லண்டன் வந்து, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். தமிழ்நாடு அரசுப் பென்ஷனும் வந்துகொண்டிருந்தது. இந்திய–பிரிட்டிஷ் இரட்டை வரி ஒப்பந்தப்படி, அரசு வேலைக்கான பென்ஷனுக்கு இந்தியாவில்தான் வரி. ஆனால், வாங்குபவர் இங்கே வசிப்பவராகவும் இந்நாட்டுக் குடிமகளாகவும் இருந்தால் வரி இங்கேதான். சிஸ்டரின் சம்பளம் ஏற்கெனவே வரியில்லா வரம்பைத் தாண்டியிருந்தது. ஆகவே இந்தியாவில் வரம்புக்குள் அடங்கி வரியில்லாமல் வந்த பென்ஷன் முழுவதற்கும் இனி இங்கே வரி விழும்.

என் தொழில் பங்காளி ரவி அண்ணையிடம் சொன்னேன்.

"போன் எடுக்கிறாவோ?"

"போனை நிப்பாட்டிப்போட்டா."

"அப்ப ஓடு. சத்தியம் செய்தாப் பிறகு சொல்லிப் பிரயோசனமில்லை."

ஓடினேன். சந்தைக் கடைகளுக்கு நடுவே, டை தோளில் பறக்க, மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஓடினேன். டவுன் ஹால் வாசலில் விருந்தினரா என்று கேட்டார்கள். மூச்சு வாங்கத் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். மேடையில் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலையில் சிஸ்டர். நான் வாழ்த்த வந்திருப்பதாக நினைத்து அவர் முகம் மலர்ந்தது.

பக்கத்தில் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். வருடத்துக்கு எவ்வளவு போகும் என்று கேட்டார். சுமாராகச் சொன்னேன்.

"பாரிஸ்ல என் மகளுக்கு மொதப் பிரசவம் நடந்தப்போ எனக்கு விசா வரல சார். ஊர்ல எத்தனையோ பிள்ளைங்களை இந்தக் கையால வாங்கினேன். சொந்தப் பேத்தி பொறந்ததைப் போன்ல பார்த்தேன். இப்போ மறுபடியும் மாசமா இருக்கா. இந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தா பாரிஸ் போக விசாவே வேணாம்."

விழாவைத் தள்ளிப்போட முடியுமா என்று விசாரிக்கட்டுமா என்றேன்.

"வேணாம் சார். வரியைக் கட்டிடுறேன். நீங்க வந்து சொன்னது நல்லதாப் போச்சு. தெரிஞ்சே எடுக்கிறேன்."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். அத்தனை குரல்களுக்கிடையிலும் சிஸ்டரின் குரல் கணீரென்று தனியாகக் கேட்டது. பெயர் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தபோது, தடுக்க ஓடிவந்த நான்தான் அந்த மண்டபத்திலேயே பலமாகக் கைதட்டினேன்.

அந்த வருட வருமான வரி ரிட்டர்னில் பென்ஷனைச் சேர்த்து வரி கணக்கிட்டோம். கையெழுத்துப் போட வந்த சிஸ்டர், வரித்தொகையைப் பார்ப்பதற்கு முன்பே பாரிஸ் படங்களைக் காட்டத் தொடங்கிவிட்டார். பிரசவ அறைக்குள்ளேயே நின்றிருக்கிறார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வெளிநாட்டுப் பென்ஷன் என்றால் எந்த வேலைக்கான பென்ஷன், கையில் எந்தப் பாஸ்போர்ட், மாற்றும் எண்ணம் உண்டா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். சட்டத்தை நேரத்தோடு சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் எடுக்கும் முடிவு உங்கள் கணக்குக்கு நட்டமாகத் தெரிந்தாலும், பக்கத்தில் நின்று கைதட்டுங்கள்.